எலிஃபண்டாவுக்கு அறுபது பிள்ளைகள்: குகைக்குள் கிடைக்கும் ஒன்றரை மணி நேரத்தைக் காப்பாற்றுவது எப்படி?

கேட்டவர் மும்பை தாராவியில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 60 பேரை ஜனவரியில், பாறையைக் குடைந்த சிவன் குகைக் கோயில் உள்ள எலிஃபண்டா தீவுக்குப் படகில் கூட்டிப் போக வேண்டும். முன்பு போய்வந்த பிள்ளைகளிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் படகையும் குரங்கையும்தான் சொல்கிறார்கள், குகை யாருக்கும் நினைவில்லை என்கிறார். இந்த முறை அப்படி ஆகாமல் இருக்க எப்படித் திட்டமிடுவது என்பது கேள்வி.

டீச்சர், முதலில் நேரக் கணக்கைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பினால் மொத்தம் பத்து மணி நேரம். போகவர சாலையில் இரண்டரை மணி, படகில் இரண்டு மணி, வரிசையில் நிற்க, நடக்க, படி ஏறி இறங்க இரண்டு மணி, சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் ஒன்றரை மணி. மிஞ்சுவது இரண்டு மணி நேரம்தான். அதில் ஒன்றரை மணி நேரம் குகைக்குள் கிடைத்தால் நல்ல பயணம். ஒரு படகைத் தவறவிட்டாலோ, ஏறும்போதே கடைகளில் நின்றுவிட்டாலோ, பசியோடு மேலே போனாலோ அந்த ஒன்றரை மணியில்தான் வெட்டு விழும். அதனால் குகையிலிருந்து பின்னோக்கித் திட்டம் போடுங்கள். 11 மணிக்குப் பிள்ளைகள் முதலாம் குகை (பெரிய குகை) வாசலில், தண்ணீர் குடித்து, கழிப்பறை போய்வந்து, தயாராக நிற்க வேண்டும். மற்ற நேரங்களையெல்லாம் அதற்கு ஏற்ப வையுங்கள்.

நாள் தேர்வு. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. சனி ஞாயிறு கூட்டம் தாங்காது. செவ்வாய் முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் நல்லது. பொங்கல் முடிந்த கையோடு போகலாம், ஆனால் குடியரசு தினத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள். படகு கிளம்பும் கேட்வே ஆஃப் இந்தியா பக்கம் பாதுகாப்புக் கெடுபிடி கூடும், அறுபது பைகளைச் சோதிப்பதிலேயே ஒரு படகு போய்விடும். பிப்ரவரி முதல் வாரமும் நல்ல காலம்தான். மகாசிவராத்திரிக்கு அருகில் வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலை நம்பி எந்தத் திட்டமும் போடாதீர்கள், காற்று மாறினால் படகை அன்று காலையில்கூட நிறுத்திவிடுவார்கள்.

அனுமதிக் கடிதத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் கொடுத்துவிடுங்கள். பள்ளி எந்த நிர்வாகத்தின் கீழ் இருக்கிறதோ அவர்களின் கல்வி அதிகாரிக்குத் தேதி, வழி, வாகன விவரம், உடன்வரும் பெரியவர்களின் பட்டியல், பெற்றோரின் சம்மதக் கையெழுத்து எல்லாம் சேர்த்துப் போக வேண்டும். பெற்றோருக்கான தாள் தமிழில் இருக்கட்டும், அதிகாரிக்குப் போகிற பிரதி மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். சம்மதத் தாளில் நான்கு கேள்விகள் கட்டாயம் வேண்டும்: ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை உண்டா? பேருந்திலோ படகிலோ வாந்தி வருமா? தினமும் சாப்பிடும் மாத்திரை உண்டா? அன்று முழுக்க எடுக்கப்படும் தொலைபேசி எண் எது? கடைசிக் கேள்விக்கு இரண்டு எண்கள் வாங்குங்கள். அப்பா வேலைக்குப் போனால் எடுக்காமல் போகலாம், பக்கத்து வீட்டு அக்கா எடுப்பார்.

பெரியவர்கள் எத்தனை பேர்? பத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் என்பது தரையில் போதும். கடல் நடுவில் இருக்கும்போது மேலும் இருவர் வேண்டும். ஆக ஆறு குழுவுக்கு ஆறு பேர், எல்லோருக்கும் முன்னால் நடக்க ஒருவர், எல்லோருக்கும் பின்னால் வர ஒருவர். அந்தக் கடைசி ஆள் எந்தக் குழுவுக்கும் பொறுப்பில்லை. செருப்பு அறுந்தவன், மூச்சு வாங்கி உட்கார்ந்தவள், கடையில் நின்றுவிட்டவன், எல்லோரும் அவர் முன்னால்தான் இருக்க வேண்டும். பெண் பிள்ளைகள் இருப்பதால் எட்டுப் பேரில் பாதியாவது பெண்களாக இருக்கட்டும்.

தலை எண்ணுவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்தமாக அறுபது எண்ணினால் வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று இடையில் நின்று கணக்கைச் சரியாக்கிவிடும், உங்கள் பிள்ளை ஒன்று வெளியே இருக்கும். ஒவ்வொரு குழுவிலும் பிள்ளைகளுக்கு 1 முதல் 10 வரை எண் கொடுங்கள். அவரவர் எண்ணை அவரவர் வாயால் வரிசையாகச் சொல்லட்டும், அரை நிமிட வேலை. பேருந்தில் ஏறியதும், கேட்வேயில் இறங்கியதும், படகு கிளம்பும் முன்னும், தீவில் இறங்கியதும், படியடியில், குகையிலிருந்து வெளியே வந்ததும், திரும்பும் படகில், கடைசியாகப் பேருந்தில் என்று எட்டு முறை. குழுவுக்கு ஒரு நிறத்தில் கைத்துணிப் பட்டை கட்டிவிட்டால் கூட்டத்தில் கண்டுபிடிப்பது எளிது. பெயரைச் சட்டையில் பெரிதாக எழுத வேண்டாம், அந்நியர் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட அது வழி செய்யும். பள்ளியின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் போதும்.

பணம். படகுக் கட்டணம் அவ்வப்போது ஏறுகிறது. போகவர ஒருவருக்கு 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது. 68 பேருக்கு 20,400 ரூபாய். தொல்லியல் துறையின் நுழைவுச் சீட்டு இந்தியருக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழ் இலவசம். உங்கள் பிள்ளைகள் எல்லோரும் அதற்குள் வருவார்கள், பள்ளி அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். அட்டை இல்லாதவர்களுக்குத் தலைமையாசிரியர் கையெழுத்திட்ட வயதுப் பட்டியல் ஒன்று. பெரியவர் எட்டுப் பேருக்கு 320 ரூபாய். இது போகக் கிராமப் பஞ்சாயத்து ஒரு சிறு தொகை வசூலிக்கும், படியடி வரை போகும் சின்ன ரயிலுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டும். சில்லறையாக ஆயிரம் ரூபாய் வைத்திருங்கள்.

கேட்வேக்கு லோக்கல் ரயிலில் போகலாமா என்ற எண்ணம் வரும், சயானிலிருந்து சி.எஸ்.எம்.டி. நிலையம் நேர் வழிதானே என்று. காலைக் கூட்ட நேரத்தில் அறுபது பிள்ளைகளை ஏற்றி இறக்குவது ஆபத்து, இறங்கிய பிறகும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடை இருக்கிறது. வாடகைப் பேருந்துதான் சரி. பேருந்தை கேட்வே வாசலில் நிறுத்திவைக்க விட மாட்டார்கள். பிள்ளைகள் இறங்கி வரிசையாகும் இடம் எது, மாலையில் ஏறும் இடம் எது என்று ஓட்டுநரிடம் முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குப் பள்ளி வாசலைத் தாண்டினால் எட்டேகாலுக்குப் போய்ச் சேரலாம். முதல் படகு ஒன்பது மணியளவில். அதில் போனால்தான் பதினொரு மணிக் கணக்கு நிற்கும். முதல் நாள் மாலையே ஒருவர் படகுச் சீட்டுக் கவுண்டருக்கு நேரில் போய், 68 பேர் வருகிறோம், ஒரே படகில் வேண்டும் என்று சொல்லிவைத்தால் பாதித் தலைவலி குறையும். இரண்டு படகாகப் பிரிக்கச் சொன்னால் குழுக்களை உடைக்காதீர்கள், மூன்று குழுவும் நான்கு பெரியவர்களும் ஒரு படகில், மீதி அடுத்ததில்.

2024 டிசம்பர் 18 அன்று, எஞ்சின் சோதனையில் இருந்த கடற்படைப் படகு ஒன்று எலிஃபண்டா போகும் பயணிகள் படகில் மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மிதவைச் சட்டை (லைஃப் ஜாக்கெட்) கட்டாயம். பெற்றோர் கூட்டத்தில் இதை யாராவது கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். படகு கயிற்றை அவிழ்க்கும் முன் எல்லோரும் சட்டை போட்டு வார்களை மாட்டியிருக்க வேண்டும். பெரியவர் அளவுச் சட்டை சிறு பிள்ளையைக் காப்பாற்றாது. மாட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். சட்டை காது வரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது, தண்ணீரில் விழுந்தால் கழன்று வந்துவிடும். சிறிய அளவு கேளுங்கள், இல்லையென்றால் படகை விடுங்கள். அறுபது பேருக்கும் பொருந்தும் சட்டை இல்லாத படகில் ஏறுவதைவிட அடுத்த படகுக்கு அரை மணி காத்திருக்கலாம்.

மேல்தளத்தில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். கூடுதல் காசு ஒரு பக்கம், அங்கே ஆட்டமும் அதிகம், எட்டிப் பார்க்கும் ஆசையும் அதிகம். கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கம் வரை ஆட்டம் குறைவு, வாந்தி வரும் பிள்ளைகளை அங்கே உட்கார வையுங்கள். தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், கைபேசியும் புத்தகமும் கூடாது. காலையில் வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது. இரண்டு இட்லி போதும். மாத்திரை கொடுப்பதென்றால் பெற்றோரே வீட்டில் கொடுத்து அனுப்பட்டும், ஆசிரியர் கையால் வேண்டாம்.

பயணத்தில் கவனம் மிகவும் தேவைப்படும் இடம் படகில் ஏறுவதும் இறங்குவதும். கடல் வற்றும்போது படித்துறையின் கீழ்ப்படிகள் பாசியோடு வெளியே தெரியும், வழுக்கும். சில நேரம் இரண்டு படகுகளை ஒட்டிக் கட்டியிருப்பார்கள், ஒன்றைத் தாண்டி மற்றதில் ஏற வேண்டும். இடையிலுள்ள இடைவெளி அலைக்கு ஏற்பத் திறந்து மூடும். ஒரு நேரத்தில் ஒரு பிள்ளை, இரு கையும் காலியாக, பை முதுகில். படகில் ஒரு பெரியவர், துறையில் ஒரு பெரியவர், படகுக்காரர் கை கொடுக்கட்டும். பின்னால் நிற்பவர்கள் நெருக்கக் கூடாது. செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள ஷூ அல்லது சாண்டல்.

தீவில் இறங்கியதும் நீண்ட பாலம், நடந்தால் பத்துப் பதினைந்து நிமிடம். சின்ன ரயில் வேடிக்கையாக இருக்கும், ஆனால் 68 பேரையும் ஏற்ற ஒரு நடை போதாது. நடக்க முடியாத பிள்ளைகளை மட்டும் ரயிலில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் நடப்பதே வேகம். பிறகு ஏறத்தாழ 120 படிகள், இருபுறமும் கடைகள். ஏறும்போது கடை கிடையாது, இறங்கும்போது பதினைந்து நிமிடம் உண்டு என்று பள்ளியிலேயே சொல்லி வாக்கு வாங்கிவிடுங்கள். படி ஏற முடியாத பிள்ளையைத் தூக்கிச் செல்ல நாற்காலி டோலிகள் கிடைக்கும். அந்தப் பிள்ளையை வகுப்பிலேயே விட்டுவரக் காரணம் ஏதும் இல்லை.

இனி குகை. உள்ளே போய்த்தான் முதன்முதலாக விளக்கப்போகிறீர்கள் என்றால் எதுவும் மனதில் நிற்காது. எதிரொலியும் இருட்டும் கூட்டமும் சேர்ந்து பேச்சைத் தின்றுவிடும். அதனால் முந்தைய வாரத்தில் இரண்டு வகுப்புகள் ஒதுக்குங்கள்.

முதல் வகுப்பு சோப்பு வகுப்பு. ஆளுக்கு ஒரு குளியல் சோப்பு, ஒரு கரண்டிக் காம்பு. சோப்புக்குள் இரண்டு தூண்கள் உள்ள ஓர் அறையைக் குடையச் சொல்லுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் யாராவது தூணை உடைத்துவிட்டு ஒட்ட முடியுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விதான் பாடம். எலிஃபண்டாவில் எதையும் கட்டவில்லை, வேண்டாததை வெட்டி எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து கீழாக, முன்னிருந்து பின்னாக. கூரையை முதலில் வெட்டி முடித்தால் சாரமே தேவையில்லை. தூண் நிற்க வேண்டிய இடத்தில் கல்லை முன்கூட்டியே விட்டுவைக்க வேண்டும், மறந்தால் திரும்பி வராது. பாறை எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல், தக்காணம் முழுக்கப் பரவியிருக்கும் அடுக்குகளில் ஒன்று, வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள். குகை 6ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. இதை நம் ஊர்க் கணக்கோடு சேர்த்துச் சொல்லுங்கள்: செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இல்லாமல் கோயில் செய்தேன் என்று பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் கல்வெட்டு வைத்தது 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். எலிஃபண்டா அதற்கு அரை நூற்றாண்டு முந்தையது.

இரண்டாம் வகுப்பு கதை வகுப்பு. குகையின் எல்லாச் சிற்பங்களையும் சொல்லப் போகாதீர்கள், நான்கு போதும். அந்த நான்கில் ஒவ்வொன்றும் தமிழ்ப் பிள்ளைக்கு ஏற்கெனவே பாதி தெரிந்தது. கயிலையைத் தூக்கும் இராவணன்: சம்பந்தர் தம் பதிகங்களில் எட்டாம் பாட்டில் தவறாமல் பாடுகிற கதை. பாட்டிமார் தேவாரம் படிக்கும் வீடுகளில் கேட்டுவரச் சொல்லுங்கள். கங்கையைச் சடையில் தாங்கும் கங்காதரர்: பகீரதன் காலடியில், மேலே கங்கை மூன்று தலைகளோடு, மூன்று நதிகளைக் குறிக்கும்படி. மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பகீரதன் தவம் என்று சொல்பவர்களும் உண்டு, அந்தப் படத்தை முன்கூட்டியே காட்டிவிடுங்கள். சிவன் பார்வதி திருமணமான கல்யாணசுந்தரர்: மதுரைத் திருக்கல்யாணம் தெரிந்த பிள்ளைகளுக்கு விளக்கமே தேவையில்லை. இங்கே பார்வதி சிவனின் வலப்பக்கம் நிற்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும், தாலி ஏறும் முன் மணப்பெண் நிற்கும் பக்கம் அது. நான்காவது, தெற்குச் சுவரில் மூன்று முகங்களோடு இருக்கும் சதாசிவன்.

சதாசிவனைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மூன்று முகத்தைப் பார்த்ததும் பிரமன், விஷ்ணு, சிவன் என்று வழிகாட்டிகள் சொல்லிவிடுவார்கள், 'திரிமூர்த்தி' என்ற பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். மூன்றும் சிவனின் முகங்கள். நடுவில் அமைதியான தத்புருஷம். பார்ப்பவரின் இடப்பக்கம் மீசையோடு சினந்த அகோரம். வலப்பக்கம் கையில் தாமரையோடு பெண்மை கனிந்த வாமதேவம். சதாசிவனின் ஐந்து முகங்களில் ஒன்று பின்னால் பாறைக்குள், ஒன்று மேலே, இரண்டும் செதுக்கப்படவில்லை. பிள்ளைகளிடம் 'எந்த முகத்துக்கு மீசை?' என்று மட்டும் கேளுங்கள், மற்றதைக் கண்ணே சொல்லிக்கொடுக்கும்.

வடக்கு வாசல் வழியாக நுழையும்போது வலப்பக்கம் ஆடும் சிவன், இடப்பக்கம் யோகியாக அசையாமல் அமர்ந்த சிவன். இரண்டு நிமிடம் அங்கேயே நிற்க வையுங்கள். சிதம்பரத்து நடராசரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள்: இங்கே சுற்றிலும் நெருப்பு வளையமான திருவாசி இல்லை, கைகள் நான்கல்ல எட்டு, பல உடைந்திருக்கின்றன. பிறகு உள்ளே போய் ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு இருட்டு பழக அவ்வளவு நேரம் ஆகும். வந்த வேகத்தில் தெற்குச் சுவருக்கு ஓடினால் மூன்று ஆள் உயரத்துக்கும் மேலான சதாசிவன் சிலை வெறும் கறுப்பு மொத்தையாகத் தெரியும். கூட்டம் படம் எடுத்துவிட்டுத் திரும்புவது அதனால்தான்.

சதாசிவன் முன் ஆறு குழுவும் ஒரே நேரத்தில் நின்றால் யாருக்கும் ஒன்றும் கேட்காது. இரண்டிரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு இடத்துக்குப் பதினைந்து நிமிடம்: இரண்டு தெற்குச் சுவரில், இரண்டு கிழக்குப் பக்கம் இராவணனிடம், இரண்டு மேற்குப் பக்கம் லிங்கக் கருவறையிலும் திருக்கல்யாணத்திலும். பிறகு சுற்றிவருங்கள். கருவறைக்கு நான்கு வாசல், வாசலுக்கு இருவராக எட்டுத் துவாரபாலகர்கள் (வாயிற்காவலர்கள்). இராவணனின் தலைகளை எண்ணச் சொல்லாதீர்கள், பெரும்பாலும் சிதைந்துவிட்டன, பிள்ளைகள் குழம்புவார்கள். 'எது உடைந்திருக்கிறது, அங்கே என்ன இருந்திருக்கும்?' என்று வரையச் சொன்னால் அரை மணி நேரம் அசையாமல் உட்காருவார்கள். தூண்களில் எவை பழையவை, எவை பிற்காலத்தில் புதிதாக வைத்தவை என்று பிரிக்கச் சொல்லுங்கள், மழமழப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பலகையில் எழுதியிருப்பதை நோட்டில் நகலெடுக்கும் வேலையை மட்டும் கொடுக்காதீர்கள். தலை குனிந்தே ஒன்றரை மணியும் போய்விடும். சிற்பத்தைத் தொடுவதும் சாய்ந்து நிற்பதும் கூடாது, கை எண்ணெய்யும் வியர்வையும் கல்லில் படியும்.

மற்ற குகைகளை நேரம் இருந்தால் நடந்து கடந்துவிடலாம், அவற்றில் பல செதுக்கி முடிக்கப்படாதவை. பீரங்கிக் குன்றையும் பௌத்த ஸ்தூபம் உள்ள கிழக்குக் குன்றையும் இந்த முறை விட்டுவிடுங்கள்.

சாப்பாடு குகை வாசலிலோ படிகளிலோ கூடாது. குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் உறையின் சலசலப்பு போதும், கையிலிருந்து பிடுங்கும். தண்ணீர் பாட்டிலைக்கூட விடாது. எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மூடி, கீழே இறங்கி, முன்பே பேசிவைத்த உணவகத்தின் கூரைக்கடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். இடத்துக்கும் தேநீருக்கும் கொஞ்சம் காசு கொடுத்தால் போதும். எலுமிச்சை சாதம், புளியோதரை நல்லது. தயிர் சாதம் கட்டுபவர்கள் பாலை அதிகம் ஊற்றி ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்க்கட்டும், மதியத்துக்குப் புளிக்காது. தேங்காய்ச் சட்னி வேண்டவே வேண்டாம். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லிட்டர். குரங்கு கடித்தாலோ நகத்தால் கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அடுத்த படகிலேயே ஒரு பெரியவரோடு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுங்கள். சின்னக் கீறல்தானே என்று மாலை வரை காத்திருக்க வேண்டாம், வெறிநாய்க்கடிக்கான தடுப்பூசி இதற்கும் தேவை.

தீவில் இரவு தங்க அனுமதி இல்லை. கடைசிப் படகு மாலை 5:30 அளவில் இருந்தாலும் அதை நினைவிலேயே வைத்துக்கொள்ளாதீர்கள். அதில்தான் கூட்டம் எல்லாம் ஏறும். இரண்டரை மணிப் படகைப் பிடித்தால் மூன்றரைக்கு கேட்வே, சாலை நெரிசல் கூடும் முன் தாராவி.

அன்று காலை படகு இல்லை என்று சொல்லிவிட்டால்? கேட்வேயிலிருந்து பத்து நிமிட நடையில் சத்ரபதி சிவாஜி மகாராஜ் அருங்காட்சியகம் இருக்கிறது. எலிஃபண்டாவிலிருந்து வந்த சிற்பங்கள் சில அங்கே உண்டு. பள்ளிக் குழுவுக்கான முன்பதிவு விதிகளை முதல் வாரமே கேட்டுவைத்திருங்கள், நாள் வீணாகாது. கடலையே தவிர்க்க வேண்டியிருந்தால் ஜோகேஸ்வரி குகை இருக்கிறது. அதே நூற்றாண்டு, அதே சைவம், எலிஃபண்டாவுக்குச் சற்று மூத்தது என்பது அறிஞர் கருத்து.

பயணம் முடிந்த அடுத்த வாரத்தில் பிள்ளைகளைப் பைகுல்லாவில் உள்ள ராணி பாக் பூங்காவுக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். தீவுக்கு எலிஃபண்டா என்று போர்ச்சுகீசியர் பெயர் வைக்கக் காரணமான கல் யானை அங்கேதான் நிற்கிறது. 1864இல் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் தூக்கியபோது விழுந்து உடைந்தது. துண்டுகளை ஒட்டித்தான் நிறுத்தியிருக்கிறார்கள். ஒட்டின இடங்கள் எவை என்று தேடச் சொல்லுங்கள், சோப்புத் தூணை உடைத்த பிள்ளைதான் முதலில் கண்டுபிடிக்கும்.